சாமல்பட்டிக் கிணறும் டில்லிக் கணக்கும்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் ரயில் பாதையில் சாமல்பட்டி ஒரு சிறிய நிலையம். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊர். சுற்றிலுமுள்ள தோட்டங்களில் ஓடும் பம்பு செட்டு ஒவ்வொன்றும் டில்லியில் தயாராகும் ஒரு புத்தகத்தில் இடம் பெற்றிருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் எரிசக்திப் புள்ளிவிவரத் தொகுப்பே அது. ஆனால் இலவச மின்சாரம் பெறும் அந்தப் பம்பு செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. அளக்காத மின்சாரம் அட்டவணையில் ஏறுவது எவ்வாறு?

விஷயம் விளங்க, முதலில் அளவைகளைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் போச்சம்பள்ளியிலும், மாவட்டத்தின் மறுகோடியில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஸ்கூட்டரின் மோட்டாரைக் கிலோவாட்டில் சொல்வார்கள். பாட்டரியைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். முன்னது வலு, பின்னது அந்த வலு எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதன் கணக்கு. ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் அதுவே மின் கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட். பத்து லட்சம் யூனிட்டை மில்லியன் யூனிட் என்றும், நூறு கோடியைப் பில்லியன் யூனிட் என்றும் டில்லிக் கணக்கு எழுதும்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் விளையும் மயக்கம் கொஞ்சமல்ல. நாட்டின் நிறுவு திறனில் பாதி, நிலக்கரி போன்ற எரிபொருள் அல்லாத வழிகளைச் சேர்ந்ததாகிவிட்டது என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. உண்மைதான். ஆனால் அது கிலோவாட் கணக்கு. இரவில் சூரியத் தகடு தூங்கும். காற்றாலைக்கும் பருவம் உண்டு. யூனிட் கணக்கில் பார்த்தால் 2023-24ஆம் ஆண்டில் உற்பத்தியான மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது.

நிலக்கரியையும் எண்ணெயையும் காற்றையும் ஒரே தராசில் நிறுக்க வேறொரு படிக்கல் வைத்திருக்கிறார்கள். 'எண்ணெய்க்குச் சமமான டன்' என்று அதற்குப் பெயர். ஒரு டன் என்பது ஒரு கோடி கிலோ கலோரி. அதாவது 11,630 யூனிட். இங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாமல்பட்டியைக் கடந்து செல்லும் ரயில் பாதை சேலத்தை அடைந்ததும், அங்கிருந்து ஒரு கிளை மேட்டூருக்குப் பிரிகிறது. அங்கே 1,440 மெகாவாட் அனல் மின் நிலையம் நிற்கிறது. இத்தகைய நிலையத்தில் ஒரு யூனிட் உண்டாக்கச் சுமார் 2,500 கிலோ கலோரிக்கு நிலக்கரி எரிகிறது. கணக்கில் அத்தனையும் ஏறும். காற்றாலை தரும் அதே ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி மட்டுமே எழுதும் வழக்கம் உண்டு. வீட்டில் எரியும் விளக்கு ஒன்றுதான். அட்டவணையில் நிலக்கரி மூன்று மடங்கு பெருத்துத் தெரிகிறது.

தலைக்கு 1,395 யூனிட்

2023-24இல் இந்தியர் ஒருவரின் மின் நுகர்வு 1,395 யூனிட் என்று மத்திய மின்சார ஆணையம் சொல்லுகிறது. நாலு பேர் உள்ள குடும்பம் 5,580 யூனிட் செலவழிக்கிறதா என்று சாமல்பட்டிக்காரர் திகைக்க வேண்டாம். நாட்டின் மொத்த உற்பத்தியை ஜனத்தொகையால் வகுத்த ஈவு அது. ஓசூர்த் தொழிற்சாலைகளின் பங்கும், கம்பியில் வீணாவதும், மின் நிலையம் தானே தின்றுவிடுவதும் அவர் தலையில் எழுதப்பட்டவையே.

இனி கிணற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இன்று 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. சில இணைப்புகளில் மாத்திரம் மாதிரி மீட்டர் வைத்து, ஒரு குதிரைத் திறனுக்கு ஆண்டில் இத்தனை யூனிட் என்று கண்டு, அதை மொத்தக் குதிரைத் திறனால் பெருக்கிவிடுகிறார்கள். ஐந்து குதிரைத் திறன் என்றால் 3.73 கிலோவாட், மோட்டாரின் சொந்த நஷ்டமும் சேர்ந்தால் மணிக்கு 4 யூனிட்டுக்கு மேல். ஆனால் எத்தனை மணி ஓடியது? நிலத்தடி நீர் இறங்க இறங்க, சில தோட்டங்களில் ஐந்தை எடுத்துவிட்டு ஏழரையை இறக்கியிருப்பார்கள். பதிவேட்டில் ஐந்தே நிற்கும்.

உத்தேசம்தானே, போகட்டும் என்று விட முடியாது. நூறு யூனிட் அனுப்பி, எழுபதுக்கு மீட்டர் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி முப்பது கிணற்றுக்கும் கம்பி நஷ்டத்துக்கும் பொது. கிணற்றுக்கு இருபது என்று எழுதினால் நஷ்டம் பத்து. பன்னிரண்டு என்று எழுதினால் நஷ்டம் பதினெட்டு. பழைய கம்பியும் திருட்டும் தின்றது விவசாயி பெயரில் ஏறலாம். விவசாயி இறைத்தது நஷ்டத்தில் மறையலாம். அரசு வாரியத்துக்குத் தரும் மானியமும் இந்த எண்களை ஒட்டியே பேசப்படுகிறது. இலவசத்தால்தான் வாரியம் கெட்டது என்போரும், இல்லை என்போரும் ஒரே உத்தேசத்தை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.

மீட்டர் வைத்தால் தீராதா? மீட்டர் வந்தால் பின்னாலேயே கட்டணச் சீட்டு வரும் என்பது விவசாயிகளின் அச்சம். அந்த அச்சத்துக்குச் சரித்திரம் உண்டு. மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் கோவையை மாட்டு வண்டிகளால் அடைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இவர்கள். 2021இல் மத்திய அரசு தொடங்கிய மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம் கிணற்றைத் தொடாமல், அதற்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரிலும் மின் பாதையிலும் மீட்டர் பொருத்தச் சொல்கிறது. ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து பத்துக் கிணறுகளுக்கு எவ்வளவு போயிற்று என்பது அதில் தெரிந்துவிடும். எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு என்பது தெரியாது. டில்லிப் புத்தகத்துக்கு முன்னது போதும்.