ஆறடி இருந்தால்தான் படகு ஓடுமா?

துடுப்புப் படகுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பதினான்கு வயதுப் பையனைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். கையை விரிக்கச் சொல்லி நாடா பிடிப்பார்கள். எடை மெஷினில் ஏற்றுவார்கள். "ஆறடி வரமாட்டான் சார், வேற விளையாட்டு எதுலயாவது சேத்து விடுங்க" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பையன் அதுவரை தண்ணீரில் கையை நனைத்திருக்கவே மாட்டான்.

உயரத்தால் பயனே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. கை நீளமானவர் ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் துடுப்பைக் கூடுதல் தூரம் தண்ணீருக்குள் கொண்டுபோவார். 1984 முதல் 2000 வரை அடுத்தடுத்து ஐந்து ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிரிட்டனின் ஸ்டீவ் ரெட்கிரேவ் 193 செ.மீ. உயரம், நூறு கிலோவைத் தாண்டிய எடை. பி.எம்.ஐ. அட்டவணையில் வைத்தால் அவர் 'அதிக எடை' ஆசாமி! தசை எது, கொழுப்பு எது என்று அட்டவணைக்குத் தெரியாது. படகுக்குத் தெரியும்: தசை இழுக்கும், கொழுப்பு சவாரி செய்யும்.

'பெரிய உடம்பு, பெரிய வேகம்' என்ற நம்பிக்கையை ஊதிப் பெருக்கியது கரையில் கிடக்கும் எர்கோமீட்டர்தான். துடுப்பு வலிப்பதுபோலவே இழுத்துப் பழகுவதற்காகத் தரையில் நிற்கும் மெஷின் அது. உட்காருபவர் 60 கிலோவா, 100 கிலோவா என்று அதற்குக் கவலையில்லை. தண்ணீரில் அந்தச் சலுகை கிடையாது. கனம் கூடினால் படகு அமிழும். அமிழ அமிழத் தண்ணீர் உரசும் பரப்பு கூடும்.

கணக்கைப் பார்ப்போம். மெஷினில் 2,000 மீட்டரை எடை குறைந்தோர் பிரிவில் டென்மார்க்கின் ஹென்ரிக் ஸ்டெஃபன்சன் 2013-ல் 5 நிமிடம் 56.7 விநாடியில் முடித்தார். எடை வரம்பில்லாத பிரிவில் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி ஸ்மித் 2018-ல் 5:35.8. இடைவெளி ஏறக்குறைய 21 விநாடி, ஆறு சதவீதம். இனி தண்ணீருக்கு வாருங்கள். இரட்டையர் படகில் அதே தூரத்தைக் குரோஷியாவின் சின்கோவிச் சகோதரர்கள் 2014-ல் 5:59.72-ல் கடந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் எடை குறைந்தோர் பிரிவில் அயர்லாந்தின் பால் ஓ'டொனவன், ஃபின்டன் மெக்கார்த்தி ஜோடி எடுத்துக்கொண்டது 6:05.33. ஆறு விநாடிகூட வித்தியாசமில்லை. இரண்டு சதவீதத்துக்கும் கீழே. காற்று நாளுக்கு நாள் மாறும், உண்மைதான். அதற்காக முழுப் பழியையும் காற்றின் தலையில் போட முடியாது.

பயிற்சியாளரின் மோட்டார் படகில் ஏறிக் கூடவே போனால் இன்னொன்று தெரியும். ஒரு தடவை வலித்து முடித்தவர் அடுத்ததற்காக, சக்கரம் வைத்த இருக்கையில் கால் பக்கமாக நகர்கிறார். அவசரப்பட்டால் படகின் பின்முனை தண்ணீரில் குத்தும், ஓட்டம் ஒரு கணம் தயங்கும். நிதானமாக நகர்ந்தாலோ படகின் அடியில் குமிழிகள் சலசலத்து ஓடும் சத்தம் காதில் விழும். அந்த நிதானம் ஐந்தரை அடிக்காரனுக்கும் வரும், ஆறரை அடிக்காரனுக்கு வராமலும் போகும். கால் பலகையையும் துடுப்பு தாங்கியையும் ஆளுக்கேற்ப நகர்த்தத்தானே திருகாணி வைத்திருக்கிறார்கள்? குட்டைப் பையனுக்காக ஒரு ஸ்பானரை எடுக்கச் சோம்பல்பட்டால் எப்படி?

சிற்றுடல்காரர்களுக்காக 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நுழைந்த எடை குறைந்தோர் பிரிவு, 2024 பாரிஸோடு முடிந்துபோனது. ஆண்களுக்கு 72.5 கிலோ உச்சவரம்பு. பட்டினி கிடந்து, வியர்த்துக் கொட்டி எடை பார்க்கப் போன அவஸ்தை ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் டோக்கியோவில் நம் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் ஜோடி 11-வது இடம் பிடித்தது அந்தப் பிரிவில்தான். அந்தக் கதவும் அடைபட்ட பிறகு நாடா பிடிக்கும் கைகள் இன்னும் இறுகும் என்பதுதான் என் பயம்.

பயிற்சியாளர்களே, நாடாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பதினான்கு வயது உயரம் பதினெட்டில் அப்படியே இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு பருவம் பையனைப் படகில் உட்கார வையுங்கள். அப்புறம் அளந்துகொள்ளுங்கள்.