சட்டம் தடையை நீக்கியது. கணிதம் சொல்லித்தருவது யார்?



கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் சேர்ந்த மாணவர்களில் பெரும்பாலோர், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கணக்கில் கொள்ளப்படாத வகுப்புகளில்தான் கணிதத்தைத் தொடங்கினார்கள். எண்கணிதம், இயற்கணித முன்பாடம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று நான்கு படிகள் வரை இருந்தன. யார் எந்தப் படியில் என்பதைச் சேர்க்கையின்போது கணினியில் எழுதும் ஒரு தேர்வே பெரும்பாலும் முடிவு செய்தது. இந்தக் குறைதீர் வகுப்புகளுக்குக் கட்டணமும் உண்டு. உதவித்தொகையும் அவற்றிலேயே கரைந்தது.

இந்த ஏற்பாட்டின் கோளாறு சாதாரணக் கணக்கிலேயே தெரியும். மூன்று படி கீழே தொடங்கும் 100 பேரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 70 விழுக்காட்டினர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 80 விழுக்காட்டினர் அடுத்த படியில் சேர்கிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், கல்லூரிநிலைக் கணிதத்தில் கடைசியில் தேறுகிறவர்கள் 12 பேர்தான். யாரும் மோசமாகப் படிக்கவில்லை, யாரும் மோசமாகக் கற்பிக்கவில்லை; படிகளின் எண்ணிக்கையே 88 பேரை வெளியேற்றிவிட்டது. குறைதீர் கணிதத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே அத்தொடரை முடித்தார் என்று 2010இல் வெளியான பல மாநில ஆய்வும் காட்டியது. சேர்க்கைத் தேர்வின் சாயமும் அதே காலத்தில் வெளுத்தது: கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்குப்படி, கணிதத்தில் நான்கில் ஒருவர் தமக்குப் பொருந்தவே பொருந்தாத வகுப்பில் போடப்பட்டிருந்தார். பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்திருந்தாலே இதைவிட நன்றாகக் கணித்திருக்கலாம். அத்தகைய தேர்வுகளில் பெரிதும் புழங்கிய 'கம்பஸ்' 2016இல் நிறுத்தப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2017 அக்டோபரில் ஏ.பி. 705 சட்டம் வந்தது. மாணவர் ஓராண்டுக்குள் பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க கணிதப் பாடத்தை முடிக்கும் வாய்ப்பை உச்சமாக்குவது கல்லூரியின் கடமை என்றது. பள்ளி மதிப்பெண்ணை அடிப்படையாக்கியது. 2019 இலையுதிர் பருவத்தில் இது முழுமையாக நடைமுறைக்கு வர, குறைதீர் வகுப்புகள் மளமளவென மறைந்தன. முதலாண்டிலேயே கல்லூரிக் கணிதத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. பழைய முறைக்குத் திரும்பச் சொல்கிறவர்கள் இந்த உண்மையைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

ஆனால் தேறாதவர்களும் கூடினார்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதில்தான் மாநிலத்தின் மெத்தனம் தெரிகிறது. கல்லூரிப் பாடத்துக்குத் துணையாக நடத்தும் வகுப்பு கட்டாயமா, விருப்பமா, எத்தனை மணி நேரம் என்பவை கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுகின்றன. இதற்கு மாறாக டென்னசி மாநிலம், 2015இல் குறைதீர் வகுப்பை நீக்கியபோதே, கல்லூரிப் பாடத்தோடு அதே பருவத்தில் துணை வகுப்பையும் இணைத்தது. முன்பு குறைதீர் கணிதத்தில் தொடங்கி ஓராண்டில் கல்லூரிக் கணிதத்தை முடித்தவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு. புதிய முறையில் பாதிப் பேர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், தொடக்க இயற்கணிதம் தேவை என்று முத்திரை குத்தப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. இயற்கணித வகுப்பில் 39 விழுக்காட்டினர் தேறினர். நேரே புள்ளியியலில் சேர்ந்து வாராந்தரப் பயிற்சிப் பட்டறையும் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினர் தேறினர். பட்டறை இல்லாத புள்ளியியல் அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை என்பது பலருக்கு வசதியாக மறந்துபோகிறது.

துணை வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டுப் பழைய இயற்கணிதத்தையே இரட்டை வேகத்தில் ஓட்டுவதாலும் பயனில்லை. ஜேம்ஸ் ஸ்டிக்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு என்ன புரிந்திருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். a ஒரு நேர்ம முழு எண் என்றால் a/5, a/8 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்குச் சரியாக விடையளித்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். 462ஐயும் 253ஐயும் கூட்டி 715 பெற்றதைச் சரிபார்க்கச் சொன்னபோது ஒருவர் 253ஐக் கழித்துக் காட்டினார். 462ஐக் கழிக்கலாமா என்றால், இரண்டாவது எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று நினைத்தார். சூத்திரங்கள் மனத்தில் இருக்கின்றன, எண்கள் இல்லை. பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பு இப்படி விட்டுவைத்த இடத்தைப் பேசிப் பேசித்தான் சீர்செய்ய முடியும். அதற்கு ஆசிரியரின் நேரம் வேண்டும். இந்தக் கல்லூரிகளில் பாதிக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பகுதிநேரத்தார். வகுப்புக்கு வெளியே மாணவரோடு உட்காரும் நேரத்துக்கு முழுச் சம்பளம் கிடைக்காதவர்களிடம் அந்த நேரத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பணம் இல்லை என்ற பதிலும் நிற்காது. நியூயார்க்கில் 2007இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டம் மாணவருக்குத் தனி ஆலோசகர், பயிற்சி, கட்டணச் சலுகை, போக்குவரத்து அட்டை அனைத்தும் தந்தது. அதில் சேர்ந்தவர்களில் 40 விழுக்காட்டினர் மூன்றாண்டில் பட்டம் பெற்றார்கள்; சேராத ஒத்த மாணவர்களில் 22 விழுக்காட்டினரே பெற்றார்கள். தலைக்குச் செலவு கூடியது. பட்டம் பெற்ற ஒருவருக்கு ஆன செலவோ குறைந்தது.

2022இன் ஏ.பி. 1705 சட்டமும் அதன் விதிகளும் இதே போக்கை அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கும் நீட்டி, அவர்களில் பெரும்பாலோரை முதல் பாடமாக நுண்கணிதத்திலேயே உட்காரவைக்கப் பார்க்கின்றன. புள்ளியியலில் கிடைத்த சான்றை வைத்துக்கொண்டு மாணவரை நேரே நுண்கணிதத்துக்கு அனுப்புவது ஆய்வின் பெயரால் செய்யும் தாவல். போதிய சான்று வரும்வரை, விரும்பும் மாணவருக்கு ஒரு பருவ முன்பாடம் இருக்கட்டும். எல்லாக் கல்லூரிகளிலும் துணை வகுப்புக்கு மாநிலமே நிதி ஒதுக்கி, அதை நடத்தும் பகுதிநேர ஆசிரியருக்கு முழு மணிக்கணக்கில் ஊதியம் தர வேண்டும். இடையில் விலகியவர்களையும் சேர்த்து எண்ணிய தேர்ச்சி விவரத்தை ஒவ்வொரு கல்லூரியும் பருவந்தோறும் வெளியிட வேண்டும்.

வாசகர்,
ஃப்ரீமான்ட், கலிபோர்னியா