நாற்றம் நின்னா நிம்மதி இல்லை, ஆபத்து

1/ கிண்டி ஸ்டேஷன்ல தாம்பரம் ரயில் ஏறினா குரோம்பேட்டை வரும். அந்தப் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. நம்ம ஊருக்கும் தோல் தொழிலுக்கும் அவ்வளவு பழைய உறவு. தோல்ல இருந்து முடியை எப்படி எடுக்குறாங்கன்னு இன்னைக்குப் பேசலாம். இது மருத்துவ விஷயமும்தான்.

2/ வழக்கமான முறையில் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு ஊறவைப்பாங்க. முடி கரைஞ்சிடும். அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும்.

3/ கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை வாடை. 100 பிபிஎம் அளவை நெருங்கினா மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு"ன்னு தொட்டியில் இறங்குறவர் மயங்கி விழுவார். தூக்க இறங்குறவரும் விழுவார். தயவுசெய்து பாதுகாப்புக் கருவி இல்லாம யாரும் பின்னாடியே இறங்காதீங்க.

4/ மாற்று வழி இருக்கா? இருக்கு. பூஞ்சை!

சில பூஞ்சைகள் புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் என்சைமைச் சுரக்கும். அது முடியின் வேரைப் பிடிச்சிருக்கும் புரதங்களைத் தளர்த்திவிடும். முடி கரையாமல் முழுசா கழன்று வரும். சல்ஃபைடு தேவை வெகுவா குறையும்.

5/ இது புதுசும் இல்லை. 1991-லேயே ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையிலிருந்து முடி நீக்கும் என்சைம் எடுத்த ஆய்வு சென்னையிலிருந்து வெளியாச்சு. கிண்டியிலிருந்து அடையாறு போகும் சர்தார் படேல் சாலையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் பல வருஷமா இதில் வேலை செய்யுது.

6/ ஆனா என்சைம் எடுத்தா மட்டும் போதாது. அதன் குணத்தை அளக்கணும். எந்த காரத்தன்மையில் வேலை செய்யும்? எந்த வெப்பத்தில் செத்துப்போகும்? முக்கியமா, கொலாஜனைத் தொடுமா? தொட்டா தோலே பாழ். ஏன்னா தோல் என்பதே கொலாஜன்தான்.

7/ பூஞ்சையின் ஜாதகமும் பார்க்கணும். சோயா சாஸ் செய்ய உதவும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே, ஃபிளேவஸுக்கு நெருங்கின சொந்தம். ஆனா ஃபிளேவஸின் பல ரகங்கள் கடலையில் வளர்ந்து, கல்லீரல் புற்றுநோய் வரவைக்கும் அஃப்ளடாக்சினைச் சுரக்கும்.

8/ டாக்டரா ஒரு எச்சரிக்கை: "இயற்கை, அதனால் பாதுகாப்பு"ன்னு சொல்லாதீங்க. என்சைம் பொடியைச் சுவாசிச்சா ஆஸ்துமா வரும். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் சலவைப்பொடித் தொழிலாளர்களுக்கு இப்படித்தான் வந்தது. பொடி பறக்காதபடி குருணையாகவோ திரவமாகவோ கொடுக்கணும்.

9/ அப்புறம் ஏன் இன்னும் சல்ஃபைடு? மலிவு, பழக்கம், ஊறும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் என்சைம் தோலைக் கெடுத்துடுமோங்கிற பயம். பயம் நியாயம்தான். ஆனா "மலிவு" என்ற கணக்கு தப்பு. அதில் தொழிலாளியின் நுரையீரல் இல்லை, பாலாற்றுத் தண்ணீரும் இல்லை.

10/ பயோடெக் படிக்கிற தம்பி தங்கைகளே, பூஞ்சை என்சைம் ப்ராஜெக்ட் செய்தா பால் புரதத்தில் சோதிச்சு நிறுத்திடாதீங்க. நிஜத் தோலில், கொலாஜனில் சோதிங்க. ஆம்பூர், ராணிப்பேட்டை முதலாளி நம்பி வாங்குறதுக்கு அந்த எண்கள்தான் வேணும்.

அந்த நம்பிக்கை வந்தா, தொட்டியில் இறங்குறவர் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்.