எக்ளின்ரன் கிழக்கு ரயில்: ஸ்காபரோத் தமிழருக்கு ஒரு வேண்டுகோள்



கென்னடி நிலையத்திலிருந்து எக்ளின்ரன், கிங்ஸ்ரன் வீதி, மோர்னிங்சைட் வழியாக மல்வேர்ன் வரை ஓடவேண்டிய இலகு ரயிலைப் பற்றி நம்மவர் மத்தியில் சூடாகவே கதை நடக்கிறது. கோவில் மண்டபத்தில், பலசரக்குக் கடை வாசலில், வாட்ஸ்அப் குழுக்களில், எங்கே பார்த்தாலும் இரண்டு கட்சி. "இது வந்தால்தான் எங்கடை பக்கத்துக்கு விடிவு" என்கிறது ஒரு கட்சி. "வந்தால் கடையும் போச்சு, வீதியும் போச்சு" என்கிறது மற்றக் கட்சி.

இதை எழுதும் எங்களுக்குள்ளும் இரண்டு கட்சியும் இருக்கிறது. எங்களில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு; பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், எக்ளின்ரனில் கடை வைத்திருப்பவர்கள், மாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்பவர்கள், ஓய்வூதியம் எடுக்கிறவர்கள் உண்டு. கூடிக் கதைத்து, சண்டையும் பிடித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்த ரயில் வரவேண்டும். ஆனால் நாம் கேட்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அதை வரவிட வேண்டும். அப்படிக் கேட்பதற்கு நல்ல தருணம் ஒன்று கையில் இருக்கிறது: 2026 ஒக்டோபர் 26, மாநகரசபைத் தேர்தல்.

திட்டம் என்ன?

நகரசபை வரைந்திருக்கும் பாதையின் நீளம் 18.6 கிலோமீற்றர். 27 தரிப்பிடங்கள் வரை அமையும். கென்னடியில் தொடங்கி எக்ளின்ரன் வழியாகக் கிழக்கே போய், கிங்ஸ்ரன் வீதியில் ஏறி, மோர்னிங்சைட்டில் வடக்கே திரும்பி, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தைத் தொட்டு, ஷெப்பர்டுக்கு வரும். அங்கிருந்து நீல்சன் வழியாக மல்வேர்ன் டவுன் சென்டருக்கும், ஷெப்பர்ட் வழியாக மக்கவன் சந்திக்கும் போகும். எக்ளின்ரன், கில்ட்வூட் ஆகிய இரண்டு கோ ரயில் நிலையங்களும் வழியில் வருகின்றன. மக்கவன் சந்தியில், இப்போது கட்டப்பட்டுவரும் ஸ்காபரோச் சுரங்க ரயிலோடு இது சேரும்.

நம்மவர் வீடு, வேலை, படிப்பு என்று ஒவ்வொரு நாளும் போய்வரும் பாதை இது. உலகத் தமிழர் கொடுத்த நிதியில் தமிழ் இருக்கை அமைந்த வளாகம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. அந்த வளாகத்தில் படிக்கும் மல்வேர்ன் பிள்ளைக்கும் சரி, கென்னடியில் இறங்கி நகரத்துக்குள் வேலைக்குப் போகும் தகப்பனுக்கும் சரி, இன்றைக்கு இருப்பது பஸ் மட்டும்தான்.

அந்த பஸ்ஸின் நிலைமை தெரியவேண்டுமென்றால் ஜனவரி மாதம் விடியற்காலையில் எக்ளின்ரன் – மார்க்கம் வீதிச் சந்தியில் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். நெடுநேரம் ஒன்றும் வராது. பிறகு இரண்டு பஸ் ஒன்றின் வாலில் ஒன்றாக வரும். முன்னதில் கதவு மூட இடமிராது. பின்னதில் பாதி இருக்கை காலியாக இருக்கும். எக்ளின்ரன், கிங்ஸ்ரன், மோர்னிங்சைட் வீதிகளில் 2020 ஒக்டோபரில் பஸ்ஸுக்கென்று தனியாகச் சிவப்புத் தடம் போட்ட பிறகு நிலைமை ஓரளவு திருந்தியது உண்மை. பிறிம்லியிலிருந்து பல்கலைக்கழக வளாகம் வரையான அந்த 8.5 கிலோமீற்றர்தான் ரொறன்ரோவில் இந்த வகையில் முதலாவது. ஆனால் தடத்தைத் தனியாகக் கொடுத்தாலும் பஸ் ஏற்றக்கூடியது பஸ் அளவு ஆட்களைத்தான். ஏறுகிறவர் தொகை கூடக் கூட பஸ்ஸுகளை நெருக்கி விடவேண்டியிருக்கும். நெருக்கி விட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

சண்டையில் போன வருடங்கள்

இந்த ரயில் இன்று நேற்றுச் சொன்ன கதையல்ல. 2007இல் மேயர் டேவிட் மில்லர் காலத்தில் அறிவித்த 'ட்ரான்சிட் சிற்றி' இலகு ரயில் திட்டத்தில் ஸ்காபரோ – மல்வேர்ன் பாதையும் ஒன்று. 2010 டிசம்பரில் ரொப் போர்ட் மேயரானதும் அந்தத் திட்டம் முடிந்தது என்று அறிவித்தார். 2012இல் நகரசபை அவருக்கு எதிராக வாக்களித்து இலகு ரயிலைத் திரும்பக் கொண்டுவந்தது. 2013இல் அதே சபை, பழைய ஸ்காபரோ ரயிலுக்குப் பதிலாக வரவிருந்த இலகு ரயிலைக் கைவிட்டுச் சுரங்க ரயிலுக்கு மாறியது.

2016இல் இன்னொரு யோசனை வந்தது: சுரங்க ரயிலுக்கு ஒரேயொரு நிலையம் போதும், அதில் மிச்சமாகும் பணத்தில் எக்ளின்ரன் கிழக்கு ரயிலைக் கட்டலாம். பிறகு சுரங்கத்தின் செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போய் அந்த மிச்சத்தை விழுங்கிவிட்டது. 2019இல் மாகாண அரசு சுரங்க ரயிலைத் தன் கையில் எடுத்து, மூன்று நிலையங்களாக்கியது. எக்ளின்ரன் கிழக்கு மட்டும் காகிதத்திலேயே கிடந்தது.

இதற்கிடையில் 2023 ஜூலை 24 அன்று, 1985இலிருந்து ஓடிய ஸ்காபரோ ரயிலின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் நிலையத்தருகே தடம் புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். அந்த ரயில் அதன்பிறகு ஓடவேயில்லை. புதியதைக் கட்டாமல் வாதாடிக்கொண்டிருந்தோம். பழையது தானாகவே நின்றுபோனது.

சுரங்கமா, இலகு ரயிலா என்று நாம் பிரிந்து நின்றதால் ஆருக்கு இலாபம்? பணம் போட விரும்பாதவர்களுக்கு. "ஸ்காபரோவாசிகளே இன்னும் முடிவு செய்யவில்லையே" என்று சொல்லிவிட்டு, காசை வேறிடத்தில் போட அது அவர்களுக்கு வசதியாக இருந்தது. இன்றும் வடிவமைப்பு வேலையை நகரசபை நடத்துகிறது. கட்டுவதற்கு வேண்டிய 400 கோடி டொலருக்கும் மேலான தொகைக்கு மாகாணமும் மத்திய அரசும் உறுதி கொடுக்கவில்லை. இன்னொரு முறை நாம் இரண்டுபட்டால், அந்த உறுதி வரப்போவதில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

வேண்டாம் என்பவர்களை முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று ஏசுவது இலகு. எங்களுக்கு அது சரியாகப்படவில்லை. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

எக்ளின்ரன் குறொஸ்ரவுண் இலகு ரயில் வேலை 2011இல் தொடங்கியது. 2020இல் ஓடும் என்றார்கள். 2026 பெப்ரவரியில்தான் ஓடியது. அவ்வளவு காலமும் மேற்கே 'லிற்றில் ஜமேக்கா' பகுதியில் கடைகளின் முன்னால் வேலியும் தூசியுமாகக் கிடந்தன. தலைமுடி அலங்காரக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், பாட்டுத்தட்டுக் கடைகள் என்று கறுப்பின மக்கள் பல வருடமாகக் கட்டியெழுப்பிய வியாபாரங்கள் பல மூடப்பட்டன. நாளைக்கு அந்த வேலி நம்முடைய புடவைக்கடை வாசலிலும் வரலாம்.

தண்டவாளம் வீதியின் நடுவே வருவதால் இடதுபக்கம் திரும்புவது சமிக்ஞை விளக்குள்ள சந்திகளில் மட்டும்தான். பிளாசாவுக்கு நேரே எதிர்ப்பக்கத்தில் வரும் கார், அடுத்த விளக்குவரை போய், யு-ரேண் அடித்துத் திரும்பி வரவேண்டும். சனிக்கிழமை பின்னேரம் மரக்கறி வாங்க வருகிறவர் இந்தச் சுற்றை நினைத்து வேறு கடைக்குப் போய்விடுவார் என்று கடைக்காரர் பயப்படுவதை எப்படிப் பிழை என்பது? சாமான் இறக்க வரும் லொறி எங்கே நிற்பது என்பதும் அவர்களுடைய கேள்வி.

அடுத்தது வேகம். பிஞ்ச் மேற்கு இலகு ரயில் 2025 டிசம்பர் 7இல் தொடங்கியது. 10.3 கிலோமீற்றர், 18 தரிப்பிடங்கள். ஆரம்ப நாட்களில் அது ஊர்ந்த வேகத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. ரயிலோடு போட்டிக்கு ஓடிய ஒருவர் அதை முந்திக் காட்டினார். காரணம் ரயில் என்ற வாகனமல்ல, அதை ஓட்டிய விதம். இடதுபக்கம் திரும்பும் நாலைந்து கார்களுக்கு முதலில் வழிவிட்டு, நிறைய ஆட்களோடு ரயில் சிவப்பு விளக்கில் காத்து நின்றது. சந்திகளில் கட்டாய வேகக் குறைப்பு வேறு. ஆட்கள் முறையிட்டார்கள், செய்தியாளர்கள் எழுதினார்கள். அதே மாதம் நகரசபை ரயிலுக்கு விளக்கில் கூடிய முன்னுரிமை கொடுக்கும்படி தீர்மானம் நிறைவேற்றியது. ஓடத் தொடங்கிய பிறகு கேட்டதை, வரைபடம் மேசையில் இருக்கும்போதே நாம் கேட்கலாம்.

மூன்றாவது, வாடகை. ரயில் வரும் இடத்தில் காணி விலை ஏறும், உயர்ந்த கட்டடங்கள் வரும். ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு வாடகை உயர்வு வரம்பு கிடையாது. பழைய மாடியை இடித்துப் புதியதைக் கட்டினால் இப்போது இருப்பவர் எங்கே போவார்? ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை இடிப்பதானால் மாற்று வீடு கொடுக்கவேண்டும் என்று நகரசபையிடம் விதி இருக்கிறது. அந்த விதியைத் தளரவிடக்கூடாது.

இவ்வளவும் இந்த ரயிலை நிறுத்துவதற்கான காரணங்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நாங்கள் இவற்றை நிபந்தனைகளாகப் பார்க்கிறோம். ரயிலை நிறுத்தினால் வாடகை இறங்கப்போவதில்லை, பஸ் வேகமாகப் போகப்போவதுமில்லை.

நாங்கள் கேட்பவை

1. பணம். மாநகர, மாகாண, மத்திய அரசுகள் மூன்றும் கட்டுமானச் செலவில் தங்கள் பங்கு எவ்வளவு என்பதை வெளிப்படையாக எழுத்தில் தரவேண்டும். "ஆதரிக்கிறோம்" என்ற வெறும் வார்த்தை போதாது.

2. விளக்கில் முன்னுரிமை. ஒவ்வொரு சந்தியிலும் ரயிலுக்கு முதலிடம் என்பது திட்டத்திலேயே இருக்கவேண்டும். கென்னடியிலிருந்து மல்வேர்னுக்கு எத்தனை நிமிடம் என்று வாக்குக் கொடுக்கவேண்டும்.

3. கடைகளுக்கு நட்டஈடு. வேலை நடக்கும் காலத்தில் வருமானம் இழக்கும் சிறு கடைகளுக்கு நேரடி உதவி, வேலை தொடங்க முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பிளாசாவுக்கும் வாசலும், லொறி நிற்க இடமும் எங்கே என்று வரைபடத்தில் காட்டவேண்டும். பகுதி பகுதியாக வேலையை முடித்துத் திறக்கவேண்டும். முழு வீதியையும் வருடக் கணக்கில் கிளறிப் போடக்கூடாது.

4. குடியிருப்பாளர் பாதுகாப்பு. இடிக்கப்படும் வாடகை வீட்டில் இருந்தவர் அதே பகுதியில், கட்டக்கூடிய வாடகையில் திரும்பி வர உறுதி வேண்டும்.

5. கென்னடியில் நல்ல மாற்றம். இந்தப் பாதை தனிப்பாதையாகத்தான் வரும். மேற்கிலிருந்து வந்து கென்னடியில் முடியும் குறொஸ்ரவுண் ரயிலே நேராகத் தொடர்ந்து ஓடாது. ஆகவே கென்னடியில் ஆட்கள் இறங்கி மாறவேண்டும். அந்த மாற்றம் கூரைக்குள், குறுகிய நடையில், மின்தூக்கி வசதியோடு அமையவேண்டும். தள்ளுவண்டியோடு வரும் தாயையும் ஊன்றுகோலோடு வரும் அப்பம்மாவையும் பனிக்குள் நடக்க விடக்கூடாது.

6. அதுவரை பஸ். ரயில் வர இன்னும் பல வருடமாகும். அந்தச் சாட்டில் இப்போதைய பஸ் சேவையையோ சிவப்புத் தடத்தையோ குறைக்கக்கூடாது.

நீங்கள் செய்யவேண்டியது

முதலாவது, வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் மேலேயுள்ள ஆறையும் கேளுங்கள். மேயர் வேட்பாளர், நகரசபை வேட்பாளர் எல்லாரிடமும் கேளுங்கள். தமிழர் என்பதற்காக ஆருக்கும் இதில் விலக்கு வேண்டாம். பதிலை எழுதி வாங்கி, உங்கள் கட்டடத்தில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள்.

இரண்டாவது, நகரசபை நடத்தும் பொதுக் கலந்தாய்வுகளுக்கு வாருங்கள். குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் முன்கூட்டியே பெயர் பதிந்து பேசலாம். வழக்கமாக ஐந்து நிமிடம் தருவார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை, ஆனால் அந்த ஐந்து நிமிடம் உண்டு. ஆங்கிலம் தடையாக இருந்தால் எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார். இந்தக் கூட்டங்களில் வழக்கமாக வாய்திறப்பவர்கள் சொந்த வீடும் காரும் உள்ளவர்கள். பஸ்ஸில் போகிறவர் வேலையில் நிற்பார். ஆகவே வரமுடிந்தவர் வரமுடியாதவருக்காகவும் பேசவேண்டும்.

மூன்றாவது, கடைக்காரர்களே, உங்கள் கடைக்குப் பின்பக்க வாசல் எங்கே, சாமான் எத்தனை மணிக்கு வருகிறது, வாடிக்கையாளர் எந்தப் பக்கத்தால் திரும்புகிறார் என்று ஒரு தாளில் எழுதி எங்களிடம் தாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வடிவமைப்பாளர்களிடம் கொடுப்போம். வேலை தொடங்கிய பிறகு கத்துவதைவிட இந்தத் தாளுக்குப் பலன் கூட.

நான்காவது, சுரங்கமா இலகு ரயிலா என்ற பழைய வழக்கை இந்தத் தேர்தல் முடியும்வரையாவது தள்ளிவையுங்கள். நம் அயலில் உள்ள கரிபியன், பிலிப்பீனோ, ஆப்கான், வங்காளிக் குடும்பங்களும் இதே பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள். அவர்களோடும் கதையுங்கள். இந்த வேண்டுகோளை அவரவர் மொழியில் கொண்டுபோக ஆட்கள் தேவை. முன்வருகிறவர்கள் எங்களோடு சேருங்கள்.

ஒக்டோபர் 26க்கு முன்னர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களின் பெயர்தான் அடிக்கடி விடுபடுகிறது. பட்டியலைப் பார்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
எக்ளின்ரன் கிழக்கு, மோர்னிங்சைட், மல்வேர்ன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடியிருப்பாளர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள்