ஃபோர்மட் அடிக்க முதல் ஒரு நிமிஷம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எங்களுக்கு போன் எடுத்தாள். "அண்ணே, பாஸ்வேர்ட் அடிச்சா ஸ்க்ரீன் ஒருக்கா கறுப்பாகி, திரும்பவும் பாஸ்வேர்டே கேட்டுச்சு. நாலு நாளா இப்படித்தான். நேத்து எங்க அண்ணன் டவுனுக்குக் கொண்டு போயி குடுத்துச்சு. ஃபோர்மட் அடிச்சுத் தந்துட்டாங்க. இப்ப நல்லா வேலை செய்யுது. ஆனா என்னோடது ஒண்ணுமே இல்ல."

அந்த 'ஒண்ணுமே'க்குள் என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டோம். உயர்தரத்துக்காக ஒன்றரை வருஷமாக டைப் செய்து வைத்த நோட்ஸ். கூட்டாளிகளிடம் வாங்கிப் படம் எடுத்து வைத்த பழைய வினாத்தாள்கள். அம்மாவின் சேமலாப நிதிக் கடிதங்களின் ஸ்கேன் பிரதிகள். மூலக் கடிதங்களில் இரண்டு மழையில் நனைந்து போனதால்தான் அவற்றை ஸ்கேன் எடுத்திருக்கிறாள்.

அந்த லெப்டொப்பைக் கொடுத்ததே நாங்கள்தான். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய மெஷின்கள் நான்கு கிடைத்தன. லினக்ஸ் மின்ட் போட்டு பன்வில சுற்றுவட்டத்தில் நாலு பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். லிப்ரெஒஃபிஸ் திறப்பது, தமிழில் டைப் செய்வது, போனிலிருந்து படம் மாற்றுவது எல்லாம் ஒரே பின்னேரத்தில் சொல்லிக் கொடுத்தோம், படம் எடுத்துப் போட்டோம், கைதட்டலும் வாங்கினோம். மெஷின் உள்ளே விடாமல் நின்றால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் எங்களை நாங்களே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழுதானால் என்ன செய்வது என்று சொல்லாமல் லினக்ஸ் மெஷின் கொடுப்பது பாதி உதவிதான். இதை எழுதுவது அதைச் சொல்லத்தான்.

முதலில் அந்தப் பழுது என்னவென்று பார்ப்போம். கணினியைப் போட்டதும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரை ஒரு தனி மென்பொருள். அதை வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் சரியென்றால் அவர் நம்மை மேசைத்தளத்திடம் ஒப்படைப்பார். சினமன், எக்ஸ்எஃப்சிஈ, நோம், கேடீஈ எல்லாம் இந்த மேசைத்தளங்கள்தான். மேசைத்தளம் எழும்பும்போது நம் வீட்டு ஃபோல்டருக்குள் சில சின்ன ஃபைல்களை எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால், அல்லது அதன் ஒரு பாகம் காணாமல் போயிருந்தால், அது அப்படியே விழுந்துவிடும். காவல்காரர் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்பார்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பாஸ்வேர்ட் பிழையென்றால் பிழை என்று திரையிலேயே சொல்லும். தமிழ் விசைப்பலகை மாறிக் கிடந்தால் அப்படி வரும். ஒன்றும் சொல்லாமல் கறுப்பாகித் திரும்பி வந்தால் பாஸ்வேர்ட் சரி, மெஷின் சரி, பெரும்பாலும் நம் ஃபைல்களும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. விழுந்தது மேசைத்தளம் மட்டும்தான். கதவு இறுகிவிட்டது என்பதற்காக யாராவது லயத்தை இடிப்பார்களா? ஃபோர்மட் அடிப்பது அந்த வேலைதான்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதவு இறுகுவதற்கு நாங்கள் பார்த்த காரணங்கள் நான்கு.

முதலாவது, டிஸ்க் நிரம்பிப் போவது. பழைய மெஷின், சின்ன டிஸ்க். போனில் எடுத்த கலியாண வீடியோ, திருவிழா வீடியோ எல்லாம் அதில்தான். ஒரு நாள் எழுத இடமே இருக்காது.

இரண்டாவது, அப்டேட் நடக்கும்போது கரண்ட் போவது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த நிலைமை போய்விட்டது. ஆனால் மலைப்பக்கத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் இன்றைக்கும் இருட்டுத்தான். பேட்டரி செத்த லெப்டொப்பில் அப்டேட் பாதியில் நின்றுவிட்டால், மேசைத்தளத்தின் ஒரு பாகம் புதுசு, மற்ற பாகம் பழசு என்று கிடக்கும்.

மூன்றாவது, யூடியூப் பார்த்து 'சூடோ' போட்டு எதையாவது ஓட்டுவது. அப்போது நம் ஃபோல்டரில் உள்ள ஒரு ஃபைல் நிர்வாகியின் பெயருக்கு மாறிவிடலாம். புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ஒதோரிட்டி என்ற மறைவான ஃபைல் அடிக்கடி இப்படி மாட்டிக்கொள்ளும். நம் ஃபைலைத் தொட நமக்கே உரிமை இல்லாமல் போய்விடும்.

நான்காவது, கேர்னல் புதுப்பித்த பிறகு கிராஃபிக்ஸ் ட்ரைவர் ஒத்துவராமல் போவது.

இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட ஃபோர்மட் மருந்தில்லை.

அப்போ என்ன செய்வது? எதற்கும் முதல், ஃபைல்களை வெளியே எடுங்கள். லினக்ஸ் போட்ட அதே பென் ட்ரைவைக் குத்தி அதிலிருந்தே மெஷினைத் தொடங்கலாம். எதையும் நிறுவத் தேவையில்லை. உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் திறந்து, 'ஹோம்' ஃபோல்டருக்குள் நம் பெயரில் இருப்பதை இன்னொரு ட்ரைவுக்குக் கொப்பி பண்ணலாம். பூட்டுப் படம் காட்டினால், வலது க்ளிக்கில் ரூட்டாகத் திறக்கும் வழி மின்டில் இருக்கிறது. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்ட் வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பிறகு யார் எதை உடைத்தாலும் நோட்ஸ் போகாது.

அடுத்தது, பாஸ்வேர்ட் திரையிலேயே மேசைத்தளத்தை மாற்றும் சின்ன அடையாளம் இருக்கும். வேறு ஒன்று நிறுவப்பட்டிருந்தால் அதில் நுழைந்து பாருங்கள். முடியாவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லெப்டொப்பில் எஃப்என் பட்டனையும் சேர்க்க வேண்டும். கறுப்புத் திரையில் பெயர் கேட்கும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது, பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள். உள்ளே போனதும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, எச் என்று அடியுங்கள். எந்த டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வரிசையாக வரும். 100 என்று இருந்தால் ஆளைப் பிடித்தாச்சு. வேண்டாத வீடியோ இரண்டை அழித்தாலே பெரும்பாலும் கதவு திறந்துவிடும்.

இடம் இருக்கிறதென்றால், அதே கறுப்புத் திரையில் புதுப் பயனர் ஒருவரை உருவாக்கி அந்தப் பெயரில் நுழைந்து பாருங்கள். புது ஆள் உள்ளே போனால் மெஷினில் குறையில்லை, உங்கள் ஃபோல்டருக்குள் ஒரு அமைப்புத்தான் கெட்டிருக்கிறது. எக்ஸ்ஒதோரிட்டி ஃபைலின் பெயரை மாற்றி வைத்தாலும் பாதகமில்லை, அடுத்த முறை நுழையும்போது அது புதிதாக உருவாகும். புது ஆளும் வெளியே விழுந்தால் குறை பொதுவானது, அப்டேட்டையும் ட்ரைவரையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை தேடுகிற இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. மேசைத்தளம் விழுந்தால் அதோடு தமிழும் விழுந்துவிடுகிறது. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாது. 'வரலாறு நோட்ஸ்' என்று பெயர் வைத்த ஃபைல் அங்கே வெறும் கட்டங்களாகத் தெரியும். அதைப் பார்க்கிற பிள்ளை எல்லாம் அழிஞ்சு போச்சு என்றுதான் நினைக்கும். ஒன்றும் அழியவில்லை, காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் மேசைத்தளங்களைத் தமிழாக்கப் பல வருஷமாகத் தன்னார்வலர்கள் உழைத்திருக்கிறார்கள், அந்த உழைப்பில்தான் நாங்களும் இருக்கிறோம். ஆனால் மெஷின் நல்லா இருக்கும்போது தமிழ், கெட்டுப்போனால் ஆங்கிலம் என்றால், கெட்டுப்போகிற நேரத்தில்தான் தமிழில் ஒரு குரல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்தக் குரல் திரைக்கு வெளியே, ஒரு தாளிலோ போனிலோ இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் எங்களிடம் கேட்டார்கள், "அப்ப விண்டோஸையே போட்டுக் குடுத்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய ப்ரொசெசரும் இந்த மெஷின்களில் இல்லை. புது லெப்டொப் வாங்குவது தோட்டத்துச் சம்பளத்தில் நினைத்துப் பார்க்கிற காரியமும் இல்லை. அதோடு, விண்டோஸ் மெஷின் நின்றுபோனாலும் இதே ஃபோர்மட்தான் அடிக்கிறார்கள். பிரச்சினை எந்த சிஸ்டம் என்பதில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது.

கடைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். ஃபோர்மட் என்பது தெரிந்த வேலை, முடிகிற நேரமும் தெரியும். லொக் வாசித்துக் காரணம் தேட இரண்டு மணித்தியாலம் போகலாம், அதற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். "திருத்தித் தாங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்வதே இல்லை. "முதல்ல ஃபைலை எடுத்து வச்சிருங்க, அதுக்குத் தனியா காசு தாறோம்" என்று சொன்னால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இலங்கைக்கு லினக்ஸ் ஒன்றும் புதிதில்லை. ஃபெடோராவை அடிப்படையாக வைத்து இங்கேயே ஒரு லினக்ஸ் வந்தது, அதன் பெயரே ஹந்தான லினக்ஸ். கண்டிக்கு மேலே நிற்கும் அதே ஹந்தானை மலையின் பெயர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காக இங்கே எழுதப்பட்ட சஹானா என்ற கட்டற்ற மென்பொருள் பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் உதவியது. எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். லயத்து வாசல் வரைக்கும் வந்து பழுது பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடுதான் இல்லை.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸ்தான். அது நிலைத்ததற்கு மென்பொருள் இலவசம் என்பது மட்டும் காரணமில்லை, ஆசிரியர்களைப் பழக்கினார்கள். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளிக்குள்ளேயே மாணவர் கழகங்களையும் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிதாக நம்மால் முடியாது. ஆனால் ஒரு தோட்டத்துக்கு இரண்டு பேரைப் பழக்க முடியும்.

அதைத்தான் தொடங்கியிருக்கிறோம். கொடுத்த நான்கு மெஷினின் மூடியிலும் தமிழில் ஒரு பக்கத் தாள் ஒட்டியாச்சு. மேலே பெரிய எழுத்தில் 'ஃபைல்கள் உள்ளேதான் இருக்கு, ஃபோர்மட் வேண்டாம்'. கீழே மேலே சொன்ன படிகள். ஒவ்வொன்றோடும் ஒரு பென் ட்ரைவ். ஃபோல்டர் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்கச் சொன்னோம், கறுப்புத் திரையில் தேடச் சுலபம். வகுப்பில் நாங்களே வேண்டுமென்று டிஸ்க்கை நிரப்பினோம், ஃபைல் உரிமையை மாற்றினோம், மேசைத்தளத்தை விழுத்தினோம். பிள்ளைகள் எழுப்பினார்கள். முதல் தடவை முக்கால் மணித்தியாலம், மூன்றாவது தடவை பத்து நிமிஷம்.

அந்தத் தங்கச்சியின் மெஷினில் ஃபோட்டோரெக் ஓட்டிப் பார்த்தோம். பெயரில்லாத சில படங்கள் கிடைத்தன. சேமலாப நிதிக் கடிதம் ஒன்று முழுதாக வந்தது, மற்றது வரவில்லை. நோட்ஸும் வரவில்லை. என்ன காரணத்தால் விழுந்தது என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஃபோர்மட் அந்தத் தடயத்தையும் சேர்த்துத்தான் அழித்தது. "இடம் குறைவா இருக்குன்னு ஒரு வாரமா மூலையில சொல்லிக்கிட்டே இருந்துச்சு அண்ணே, நான் மூடி மூடி விட்டேன்" என்றாள். அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். இரண்டு வீடியோவை அழித்திருந்தால் போதும்.

அவள் இப்போது நோட்ஸைத் திரும்ப டைப் செய்துகொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டு மெஷினும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே நின்றால், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் முதலில் எங்களுக்கு ஒரு போன் எடுங்கள். நாங்கள் இல்லாவிட்டால் அந்தத் தாளை ஒட்டியிருக்கிற வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். அதுக்குப் பத்து நிமிஷம் போதும்.