போன மார்ச்சில் முடிந்த கணக்கு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது திருப்பூரில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "போனஸ வாங்கிட்டு ஊருக்குப் போறவன்ல பாதிப் பேரு திரும்பி வரமாட்டான். நன்றி கெட்டவனுங்க." பேசுகிறவர் முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சூப்பர்வைசர் பேசுவார், மளிகைக் கடைக்காரர் பேசுவார். பக்கத்தில் நின்று டீ குடிக்கும் டெய்லரும் தலையாட்டுவார். எனக்கு வயிறு எரிவது அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதுதான்.

போனஸ் முதலாளி மனம் வைத்துக் கொடுப்பது, வாங்கியவன் அதற்காக அவரிடமே கிடக்க வேண்டும் என்று ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கை பொய். வேலை செய்கிறவர் கையிலிருந்து ஒவ்வொரு வருடமும் பணத்தைப் பிடுங்குகிற பொய்.

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். டியூப் லைட்டுக்குக் கீழே நின்றபடி ஒவ்வொரு பீஸையும் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். ஒரு வருடம் ஆடி மாதத்தில், ஷிப்டுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று வேறு கம்பெனிக்கு மாறினார். தீபாவளி நெருங்கியதும் பழைய கம்பெனிக்குப் போனஸ் கேட்கப் போனார். நானும் கூடப் போனேன். ஆபீஸ் ரூம் மேசையில் ஸ்வீட் பாக்ஸ்கள் அடுக்கியிருந்தன. "ஏனுங்கக்கா, ஆடியிலயே உட்டுப்போட்டுப் போயிட்டு இப்ப வந்து போனசு கேட்டா எப்புடிங்க?" என்றார் அங்கே இருந்தவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நியாயம் தன் பக்கம் என்று உண்மையாகவே நம்பினார். அம்மாவும் அப்படியே நம்பினார். திரும்பி வரும்போது, "அவிய குடுத்தாத்தான் கண்ணு, நாம எப்புடிக் கேக்கறது" என்றார்.

கேட்டிருக்கலாம். தீபாவளிக்குக் கைக்கு வரும் போனஸ், அதற்கு முந்தைய மார்ச் 31இல் முடிந்த கணக்கு ஆண்டுக்கானது. அம்மா ஆடியில் வேலையை விடுவதற்குள் அந்தக் கணக்கு முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வருடம் முழுக்க அவர் அந்த டியூப் லைட்டுக்குக் கீழே நின்றிருந்தார். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் கேட்டது அந்த ஆண்டில் குறைந்தது 30 நாள் வேலை மட்டுமே. கணக்கு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள், கொடுத்துவிட வேண்டும் என்றது. தீபாவளி அந்த எட்டு மாதத்துக்குள் வருகிறது, பண்டிகைக்கும் போனஸுக்கும் சட்டத்தில் உள்ள உறவு அவ்வளவுதான். யாருக்குப் போனஸ் கிடையாது என்பதையும் அது எழுதி வைத்திருந்தது: மோசடி, வேலையிடத்தில் வன்முறை, திருட்டு, கம்பெனிச் சொத்தை நாசமாக்குவது, இவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு பாலியல் தொல்லைக் குற்றத்தையும் சேர்த்தது. ஷிப்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வேறு கம்பெனிக்குப் போனவர் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்?

1965 சட்டத்தின் கீழ் போனஸ் பதிவேட்டுக்கு சி படிவம் என்று ஒன்று இருந்தது. பெயர், வேலை செய்த நாள், மொத்தச் சம்பளம், சேர வேண்டிய போனஸ், பிடித்தம், கொடுத்த தொகை, தேதி, கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருந்தது. 'இன்னும் இங்கே வேலையில் இருக்கிறாரா' என்று கேட்கும் கட்டம் அதில் இருந்ததில்லை.

"நஷ்டத்துல ஓடுது, எங்கிருந்து குடுக்கறது?" என்பது அடுத்த வாதம். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது இந்த ஊர் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த அக்டோபரில் கொடுக்க வேண்டியிருந்த போனஸ், வரி வருவதற்கு ஐந்து மாதம் முன்பே முடிந்த ஆண்டுக்கானது. தவிர, லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு கொடுத்தாக வேண்டும். புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு மட்டும் முதல் சில வருடங்கள் சலுகை. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். லாபம் கூடினால் 20 விழுக்காடு வரை போகும். நூலுக்கும் சாயத்துக்கும் தர வேண்டிய பாக்கியை யாரும் இனாம் என்று சொல்வதில்லையே.

இந்த இனாம் வாதம் நூறு வருடப் பழசு. முதல் உலகப் போர்க்காலத்தில், 1917இல், பம்பாய் மில்களில் கொடுக்கத் தொடங்கியதுதான் போனஸ். நல்ல லாபம் வந்த சில வருடங்கள் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். 1924 தொடக்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மில்லை விட்டு வெளியே வந்தார்கள். விசாரித்த மெக்லியாட் கமிட்டி, இதில் தொழிலாளிக்குச் சட்ட உரிமை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த இடத்திலிருந்து 1965 சட்டம் வரை வந்து சேர நாற்பது வருடம் போராட வேண்டியிருந்தது. பத்தே வருடத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், 1975இல், குறைந்தபட்சத்தை 4 விழுக்காடாக வெட்டினார்கள். 1977இல்தான் 8.33 திரும்பி வந்தது. இனாமாக இருந்தால் அதை வெட்ட அவசரச் சட்டம் எதற்கு?

நம் சொற்களும் சேர்ந்து துரோகம் செய்கின்றன. தமிழக அரசு தன் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு அறிவிக்கும் 20 விழுக்காட்டில் 8.33 போனஸ், மீதி 11.67 'கருணைத் தொகை'. இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 16,800 ரூபாய். பஸ் ஓட்டியவருக்கும் டிக்கெட் கிழித்தவருக்கும் வருவதில் பெரும்பகுதியைக் கருணை என்று பெயரிட்டால், கேட்கிறவன் குரல் தானாகத் தாழ்ந்துபோகும். சூரத்தில் ஒரு வைர வியாபாரி ஊழியர்களுக்குக் கார் கொடுத்தார் என்று பத்திரிகைகள் கொண்டாடுவதும் இதே பாடத்தைத்தான் புகட்டுகிறது. கார் கொடுப்பது அவர் இஷ்டம். ஒரு மாதச் சம்பளம் யார் இஷ்டமும் இல்லை.

இப்போதைய பையன்கள் கம்பெனி கம்பெனியாகத் தாவுகிறார்கள் என்ற குறையையும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆர்டர் இல்லையென்றால் சனிக்கிழமை சம்பளத்தோடு, "சொல்லி அனுப்பறோம், அப்ப வாங்க" என்கிறது கம்பெனி. கான்ட்ராக்டில் வைத்த ஆளைத் தீபாவளிக்கு முன்னால் கணக்கு முடித்து அனுப்பிவிட்டுப் பொங்கலுக்குப் பின் புதிய ஆளாகச் சேர்க்கிறார்கள். நாளைக்கு வேலை உண்டு என்று சொல்லாத இடத்துக்கு ஒரு மனிதன் எந்தக் கணக்கில் விசுவாசம் பாக்கி வைத்திருக்கிறான்? கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர்களும், வேலை போனதோடு போனஸும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பேசாமல் பஸ் ஏறுகிறார்கள். ஊரின் நம்பிக்கை அங்கேதான் ரூபாயாக மாறுகிறது, கம்பெனிக் கல்லாவில்.

எங்கள் வீதியில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு பெண் சென்ற வருடம் ஆனியில் வேலை மாறியவள். அவள் எடுத்து வைத்திருந்த சம்பளச் சீட்டுகளை வைத்து, வேலை செய்த நாட்களை இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். 271 நாள் வந்தது. "கேட்டா, நாளைக்கு இங்க திரும்ப வேலைக்கு வந்தா சேத்திக்க மாட்டாங்களேண்ணா" என்றாள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது, அதனால் நான் அவளுக்குத் தைரியம் சொல்லவில்லை, கூடப் போனேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, பாதித் தொகையைக் கொடுத்து, முழுத் தொகைக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். வாங்கின தொகையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மீதிக்காக அடுத்த சனிக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை தனியாக.