வாசித்தவர் யார் என்று கேட்போம்

மனதைத் தொட்ட ஒரு பாடல் ஓய்ந்தவுடன் நாம் யாரை நினைக்கிறோம்? பாடியவரை நினைக்கிறோம். சிலர் இயற்றியவரையும் நினைப்பதுண்டு. அந்தப் பாடலின் நடுவே சில விநாடிகள் மாத்திரம் எழுந்து, நம் கண்களை நனைத்துவிட்டு மறைந்த ஓர் இசைக்கருவியை வாசித்தவர் யார் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இந்த வாரம் அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் ஒலிக்கும் ஸ்டீல் கிட்டாரை அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. தந்திகளை விரலால் அழுத்தாமல், அவற்றின்மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிச் சென்று வாசிப்பார்கள். ஆகையால் அதன் ஒலி ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குத் தாவுவதில்லை. மனிதன் விம்முவதுபோல இழைந்து செல்கிறது. பிற்காலத்தில் மிதிகள் சேர்க்கப்பட்டு அது பெடல் ஸ்டீல் ஆயிற்று. 1954-ல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாடல் வெற்றி பெற்றபோது, அதில் பட் ஐசக்ஸ் மிதியை அழுத்திச் சுரங்களை வளைத்த விதத்தைக் கேட்ட மற்றக் கலைஞர்களும் தங்கள் கருவிகளில் மிதிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். ஒரு மனிதனுடைய பாதத்தின் அசைவு ஓர் இசை மரபின் குரலையே மாற்றியது. ஆயினும் அந்தப் பாடலை அறிந்தவர்களில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவார்கள்?

அக்காலத்தில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் ஓர் அமர்வு பெரும்பாலும் மூன்று மணி நேரம் நடக்கும். அதற்குள் மூன்று நான்கு பாடல்களைப் பதிவு செய்வார்கள். கூலிக்கு வாசிக்கும் கலைஞர்கள் வருவார்கள், வாசிப்பார்கள், அடுத்த கூடத்திற்குப் போய்விடுவார்கள். இசைத்தட்டின் உறையில் பாடகரின் படமும் பெயரும் இருக்கும். வாசித்தவர்களின் பெயர்கள் இருப்பது அபூர்வம். அவை எழுதப்பட்ட இடம் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள். அதுவும் புகழுக்காக அல்ல, கூலிக்காகவும் ஓய்வூதியத்திற்காகவும் எழுதப்பட்டது. பிற்காலத்து ஆய்வாளர்கள் அந்தத் தாள்களைத் தேடியெடுத்து, எந்த நாளில் எந்தக் கூடத்தில் யார் வாசித்தார் என்ற பட்டியல்களைப் பொறுமையோடு உண்டாக்கினார்கள். இந்த வேலையை நான் உயர்வாக மதிக்கிறேன். கூலியைக் கொடுத்தாயிற்று, இனிப் பெயர் எதற்கு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கூலி, செலவழித்த நேரத்திற்கு ஈடாகலாம். ஒரு மனிதன் தன் உள்ளத்திலிருந்து கொடுத்ததற்கு அது ஈடாகாது என்பதே என் எண்ணம்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. பெயர் தெரியாத இடத்தில் தெரிந்த பெயரை வைத்துவிடும் ஆபத்து அது.

ஹாங்க் வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'டிரிஃப்டிங் கௌபாய்ஸ்' குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் டான் ஹெல்ம்ஸ். ஹாங்க் தம் வாழ்நாளில் கடைசியாக ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியது 1952 செப்டம்பர் 23-ஆம் நாளில். அன்று பதிவான பாடல்களில் ஒன்று 'யுவர் சீட்டின் ஹார்ட்'. அதில் கூர்மையாக அழுகிற அந்தத் தந்தி ஹெல்ம்ஸினுடையது. ஆகையால் ஹாங்க் என்றாலே ஹெல்ம்ஸ் என்று எண்ணிவிடுவது எளிது. ஆனால் ஹாங்கைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்ற 'லவ்சிக் புளூஸ்' 1948 டிசம்பரில் சின்சினாட்டி நகரில் பதிவானது. அதில் வாசித்தவர் ஜெரி பேர்ட். தனிமையைப் பற்றி ஹாங்க் 1949-ல் அதே நகரில் பாடிய புகழ்பெற்ற பாடலிலும் அவரே வாசித்தார். ஊர் மாறியது, ஆளும் மாறினார். பொறுமையாய்க் கேட்கிற செவிக்கு இது புலப்படும். ஹெல்ம்ஸ் மேல்ஸ்தாயியில் கத்திமுனைபோல் எழுப்புவார். பேர்டின் ஒலியோ கனிந்து உருண்டு வரும்.

ஒரு பாடகரோடு ஒரு கலைஞரை முடிச்சுப் போட்டுவிட்டால் மறுபக்கத்திலும் தவறு நேரிடும். பேட்சி கிளைன் பாடிய 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' என்ற பாடலில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவரும் ஹெல்ம்ஸ்தான். அவரை ஹாங்கின் துணைவராக மாத்திரம் நினைப்பவர்கள் அங்கே அவரைத் தேடமாட்டார்கள். ஒரே இசைத்தட்டுக்குள்ளேயும் நிதானம் வேண்டியிருக்கிறது. 1968-ல் 'பேர்ட்ஸ்' குழுவினர் வெளியிட்ட 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' தொகுப்பில் நாஷ்வில்லில் பதிவான பாடல்களுக்கு லாயிட் கிரீன் வாசித்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவானவற்றிற்கு ஜேடி மேனஸ் வாசித்தார். உறையை மாத்திரம் பார்த்து ஒருவருக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், மற்றவருடைய உழைப்பை நாம் அறியாமலே பறித்துவிடுகிறோம்.

அப்படியானால் எதை நம்புவது? செவி ஒரு சாட்சி. தாள் மற்றொரு சாட்சி. இரண்டும் தவறக்கூடியவை. ஒருவர் பாணியை மற்றொருவர் கற்று வாசிக்க முடியும் என்பதால் செவி ஏமாறும். ஒப்பந்தத் தாளிலோ அந்த அமர்வுக்கு வந்தவர்களின் பெயர் இருக்குமே தவிர, பிற்பாடு மேலேற்றப்பட்ட இசை இராது. ஹாங்க் இறந்தபின்னும் அவருடைய பழைய பதிவுகளின்மேல் வேறு கருவிகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். எனவே நாள், ஊர், கூடம், தாள், ஒலி ஆகிய இவையெல்லாம் ஒத்துப்போகும்போது மாத்திரமே ஒரு பெயரை உறுதியாய்ச் சொல்லலாம். ஒத்துப்போகாத இடத்தில் வெற்றிடமாக விடுவதே நேர்மை. "யாரென்று தெரியவில்லை" என்று எழுதப்பட்ட வரி நாளை ஒருவரைத் தேடச் செய்யும். ஊகத்தால் எழுதப்பட்ட பெயரோ தேடலை முடித்துவிடும். பத்துப் பேர் அதைப் படியெடுத்தபின் அதுவே உண்மையாகிவிடும். உண்மையில் வாசித்தவரின் மகன் ஒரு நாள் வந்து, "இது என் தகப்பனார் வாசித்தது" என்று சொன்னால், அவர் பொய் சொல்லுகிறார் என்றே உலகம் நினைக்கும். புகழ்ச்சியாகச் சொன்னாலும், அறியாததை அறிந்ததுபோல் சொல்வது பொய்ச்சாட்சியே.

"இசை நன்றாயிருக்கிறது, அதுபோதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இன்பத்திற்கு அது போதும், நன்றிக்குப் போதாது. நன்றி ஒரு முகத்தைத் தேடும், ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும். எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்களை நெகேமியா வரிசையாக எழுதியபோது, தட்டாரையும் தைலக்காரரையும் கூட விட்டுவிடவில்லை. தகப்பனோடு நின்று வேலைசெய்த குமாரத்திகளையும் குறித்து வைத்தார். வேகமாக வாசிக்கிறவர்கள் தாண்டிச் செல்லும் அதிகாரம் அது. வேலைசெய்தவர்களின் பிள்ளைகளுக்கோ அதைவிட இனிய அதிகாரம் வேறு இருந்திராது.

1964-ல் பக் ஓவன்ஸ் பாடிய 'டுகெதர் அகெய்ன்' பாடலின் நடுவே ஒரு பெடல் ஸ்டீல் பகுதி வருகிறது. அந்தக் கருவியைக் கற்கிறவர்கள் இன்றும் அதைப் படித்துப் பழகுகிறார்கள். வாசித்தவர் டாம் பிரம்லி. அவருடைய தகப்பனார் ஆல்பர்ட் பிரம்லி, சபைகளில் இன்றும் ஒலிக்கும் 'ஐல் ஃப்ளை அவே' என்ற ஞானப்பாட்டை இயற்றியவர். பெயரைத் தேடியதால்தான் இந்தத் தொடர்பு நமக்குக் கிடைக்கிறது. தகப்பன் ஆலயத்தில் விதைத்த இசை, மகனுடைய கையில் வேறொரு மேடையில் பூத்தது. பெயரில்லாமல் கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்தின் கதை நமக்கு மூடியே இருந்திருக்கும்.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு ஆறுதல் தந்த ஒரு பழைய பதிவை எடுத்து, பின்னணியில் வாசித்தவர் யார் என்று விசாரியுங்கள். உறுதியாய் அறிந்தால் எழுதி வையுங்கள். அறியாவிட்டால் ஊகிக்காமல் இடம் விட்டு வையுங்கள். நம் பாடகர் குழுவின் பதிவுகளுக்கும் இதையே செய்வோம். ஆர்மோனியம் வாசித்த அம்மாவும் மிருதங்கம் வாசித்த தம்பியும் இன்று நம்மோடு இருக்கிறார்கள். கேட்டால் சொல்லுவார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அந்தத் தாள்களைத் தேட வேண்டிய நிலையை நாம் உண்டாக்க வேண்டாம்.